ஆறு நிமிஷம்

காட்பாடியில் வடக்கத்தி ரயில் வந்து நிற்பது
ஐந்து ஐம்பத்திரண்டு.
பாகாயம் போகும் முதல் டவுன் பஸ் கிளம்புவது
ஐந்து ஐம்பது.

இந்த இரண்டு நிமிஷத்தில்தான்
என் வீட்டு வாடகை இருக்கிறது
பெரியவளின் பாலிடெக்னிக் ஃபீஸ் இருக்கிறது
போன வாரம் பின்சக்கரத்துக்குப் போட்ட
புது டியூபும் இருக்கிறது.

யார் எழுதிய அட்டவணையோ, புண்ணியவான்.
ரயில்காரர் பஸ்ஸைக் கண்டதில்லை
பஸ்காரர் ரயிலைக் கண்டதில்லை.
ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் ஒருவர்
இந்தப்பக்கம் ஒருவர்
பந்தியில் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி.
நடுவில் நான்.
மூன்று பேர் சீட்டில்
ஆறு பேரை அடுக்கத் தெரிந்தவன்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்தே வந்தவர்கள்
எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்தபடி
படியேறிப் படியிறங்கி வெளியே வந்து
முதலில் பார்ப்பது
பஸ்ஸின் முதுகிலிருக்கும் சிவப்பு விளக்கை.
அந்த முகத்துக்கு நேரே போய் நிற்பேன்.
எனக்குத் தெரிந்த வங்காளம் மூன்று சொல்:
ஆசுன், போசுன், பாலோ.
வாங்க, உட்காருங்க, நல்லது.
மிச்சத்தை விரல்கள் பேசும்
ஆளுக்கு இத்தனை என்று.

மார்ச் மாதம்
கண்டக்டர் கோமளவல்லி இந்த ரூட்டுக்கு வந்தார்.
டிரைவரிடம் என்ன சொன்னாரோ
பஸ் உறுமிக்கொண்டே நின்றது.
தோல்பை இடுப்பில் இடிக்க
ஸ்டேஷன் வாசல்வரை நடந்துபோய்
ஒலிபெருக்கிக்குக் காது கொடுத்துவிட்டு வந்தார்
அடுப்பில் வைத்த பாலை எட்டிப் பார்க்கிறவர்போல.
படிக்கட்டில் கடைசி ஆளும் ஏறியபிறகு
ஐம்பத்தாறுக்கு விசில்.

ஆறு நிமிஷம். அவ்வளவுதான்.
பஸ் நிறைந்துபோனது.

பதினோரு நாள்.
ஸ்டாண்டில் நாங்கள் பதினான்கு பேர்
டீ குடித்தோம்.
பேப்பரை மடிப்பு கிழியும்வரை படித்தோம்.
வெயில் எப்போதையும்விட அதிகம் என்றோம்.
மறுபடியும் டீ.

பன்னிரண்டாம் நாள் டெப்போவுக்குப் போன மனுவில்
கையெழுத்து என்னுடையது.
எங்களில் பத்தாவது பாஸ் நான் ஒருவன்தானே.
'அட்டவணைக்கு மாறாகவும்
பொதுமக்களுக்கு இடையூறாகவும்...'
பொதுமக்கள் என்று எழுதும்போது
பேனா நின்றது.
மை தீர்ந்ததென்று உதறினேன்.
எழுதியது.
இப்படிக்கு, எஸ். தஸ்தகீர், ஷேர் ஆட்டோ.

அவருக்கு மெமோ வந்தது.
குடியாத்தம் ரூட்டுக்கு மாற்றிவிட்டார்களாம்,
இல்லை ஆம்பூர் என்கிறான் டீக்கடைக்காரன்.
இப்போது ஐந்து ஐம்பதுக்கு
நொடி பிசகாமல் விசில்.
அட்டவணை குத்துக்கல் மாதிரி நிற்கிறது.

இன்று காலை
ஒரு பெரியவர் அந்தச் சிவப்பு விளக்கின் பின்னால் ஓடினார்.
ஓடினார் என்பது அதிகம்.
ஓட நினைத்தார்.
ஒரு செருப்பு கழன்று தார் ரோட்டில் கிடந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
ஆசுன், என்றேன்.
போசுன்.

விருதம்பட்டு நிறுத்தத்தில்
அதே பஸ்
பால் கேனோடு ஒருவரை ஏற்றிக்கொண்டு நின்றது.
பிரேக்கில் கால் வைத்தால் போதும்.
'அண்ணே, ஒரு ஆளு' என்று ஒரு குரல் விட்டால்
பெரியவர் மலிவாக
ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியிருப்பார்.
வலதுபக்கம் இடமிருந்தது.
முந்திப் போனேன்.

பாலாற்றுப் பாலம்.
வழக்கம்போலக் கீழே மணலும் முள்ளும்.
பஸ்ஸைப் பின்னால் விட்டதில்
அவருக்கு அத்தனை சந்தோஷம்.
என் தோளைத் தட்டினார்.
பாலோ, என்றார்,
பாலோ, பாலோ.

கண்ணாடியில்
பஸ் வந்துகொண்டிருந்தது
கடைசி சீட்வரை காலியாக,
சரியான நேரத்துக்கு.